பலாலிக்கு ஒரு வழிச் சீட்டு

நெடுந்தீவு,
12.01.2024

அன்புத் தம்பி பிலிப்புவுக்கு,

அக்கா கிறேசம்மா எழுதுகிறேன். ஷெல்லடியில் போன காது இனி வரப்போவதில்லை, போனை வைத்து நான் என்ன செய்ய? கடிதம்தான் எனக்குச் சரி.

வயிற்றுக் கட்டியைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். டொக்டர் சொன்னதைப் பக்கத்து வீட்டு றஞ்சனி கொப்பியில் எழுதிக் காட்டினாள்: "இனி வீட்டிலை வைச்சுப் பாருங்கோ." சித்திரை வரைக்கும் இருப்பேனாம்.

நீ மண்டபம் அகதி முகாமுக்குப் போய் முப்பத்துநாலு வருசம். இப்போது சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு விமானம் விடுகிறார்கள். நானூறு கிலோமீற்றர்தானாம், ஒன்றரை மணித்தியாலமும் செல்லாதாம். நான் இங்கேயிருந்து லோஞ்சுப் படகும் பஸ்ஸும் மாறி யாழ்ப்பாணம் போய்ச் சேர அதைவிட நேரம் பிடிக்கும்! சாட்டுச் சொல்லாமல் வா. அம்மா போனபிறகு உன்னை வளர்த்தவள் கேட்கிறேன். ஒருக்கால் உன் முகத்தைப் பார்த்தால் போதும்.

அன்பு அக்கா,
கிறேசம்மா

மண்டபம் முகாம்,
04.03.2024

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே ஊர் திரும்ப அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தேன். நேற்றுக் கிடைத்துவிட்டது. ஏப்ரல் ஒன்பதாம் திகதி விமானம்.

ஆனால் ஒரு வழிதான். கையெழுத்து வாங்கும்போது அலுவலர் சொன்னார்: "போனா போனதுதாங்க, திரும்பி வர முடியாது." மகள் கஜானிக்கு இப்போது ஏழாம் மாதம். இங்கேயே பிறந்தவள், புருஷனும் இந்த ஊர்க்காரன், அவள் வரமாட்டாள். பிள்ளைப்பேறு பார்க்கத் தாயும் உயிரோடில்லை. நேற்றிலிருந்து என்னோடு கதைக்கிறாள் இல்லை.

எப்படியும் வருகிறேன் அக்கா.

உங்கள் தம்பி,
பிலிப்பு

நெடுந்தீவு,
22.03.2024

அன்புத் தம்பிக்கு,

நீ வரவேண்டாம். வேறொரு டொக்டர் மருந்து மாற்றித் தந்தார், கட்டி வற்றிவிட்டது. நேற்று இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஆடுகளை ஓட்டிக்கொண்டு கடற்கரை வரை நடந்துவிட்டு வந்தேன். இன்னும் பத்து வருசம் இருந்து உன்னை ஏசுவேன்.

பிள்ளை பெறப்போகிறவளைத் தனியே விட்டுவிட்டு வந்தாயானால் வாசற்படி ஏறவிடமாட்டேன். பெண்பிள்ளை என்றால் அம்மாவின் பெயரை வை, எமிலி என்று.

அன்பு அக்கா,
கிறேசம்மா

மண்டபம் முகாம்,
30.04.2024

அக்காவுக்கு,

இதை நான் தபாலில் போடப்போவதில்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் போய்விட்டீர்கள் என்று றஞ்சனி போனில் சொன்னாள். "கடைசி மட்டும் உங்களைத்தான் கேட்டவ அண்ணை. நான் சொல்லத்தான் இருந்தனான், சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கிப்போட்டா."

அவள் சொல்லியா எனக்குத் தெரியவேண்டும்? கடைசிக் கடிதம் உங்கள் கையெழுத்தே இல்லை. எனக்கு எழுதப் பழக்கியது நீங்கள், அதைக்கூட நான் அறியமாட்டேனா? பேனை பிடிக்க ஏலாமல் படுத்துவிட்டீர்கள் என்று உறையைப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது.

விளங்கியும் கஜானியிடம், "மாமிக்குச் சுகமாம் பிள்ளை" என்று சொன்னேன். அந்தக் கடிதத்தையே அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி, போகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அழுதுகொண்டு வந்தேன் என்று எழுதத்தான் ஆசை. இல்லை அக்கா, சந்தோசமாக வந்தேன். வருகிற வழியில் கஜானிக்கு மாம்பழம் வாங்கினேன்.

பிலிப்பு