உதைக்கு ஒரு கோடு

செப்டம்பர் 6, புதன்

குட்டிக்குக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. நாள் முழுக்க என் தோளைக் கடித்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் தூங்கினாள். இன்னும் எவ்வளவு நேரமோ. அதற்குள் எழுதிவிட வேண்டும்.

கம்பெனி ஃபுட்பால் அணி ஆடிய ஐந்து ஆட்டத்தில் நாலு தோல்வி, ஒன்று சமன். கோச் முன்பு இருந்த அணியில் ஓடுகிறவர்கள் இருந்தார்களாம். பின்னாலிருந்து நீளமாகத் தூக்கிப் போட்டால் முன்னால் நிற்பவர் துரத்திப் பிடித்துவிடுவாராம். அதே ஆட்டத்தை இங்கேயும் ஆடச் சொல்கிறார். இங்கே யாருக்குக் கால் இருக்கிறது? என் வீட்டுக்காரருக்குச் சுத்தமாக ஓட்டம் கிடையாது. இவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். பந்தைக் காலுக்குள்ளேயே ஒளித்து வைத்துக்கொள்வார். மூன்று பேர் சூழ்ந்து நின்றாலும் பிடுங்க முடியாது. கல்லூரி மைதானத்தில் நான் இவரைத் திரும்பிப் பார்த்ததே அதற்காகத்தான்.

டிசம்பர் கடைசியில் பட்டியல் வரும். கம்பெனி அணிக்காக ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்தவர்களில் நாலு பேருக்கு மட்டும் ஸ்டோரில் நிரந்தர வேலை. மற்றவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இரண்டு அறை, ஒழுகாத கூரை, குழாயில் நிற்காத தண்ணீர். குட்டி இங்கேதான் தவழ்ந்தாள், இங்கேதான் நடந்தாள்.

பட்டியலில் இவர் பெயர் வராது. யாரும் சொல்லவில்லை. ஆனால் வராது.

செப்டம்பர் 10, ஞாயிறு

மறுபடியும் தோல்வி. 1–3.

மைதானத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கை நடுங்குகிறது. அதனால் எண்ணுகிறேன். புள்ளியியல் படித்து என்ன கிழித்தாய் என்று அம்மா கேட்பாள் — இதோ, இதைத்தான் கிழிக்கிறேன். குட்டி எத்தனை ஸ்பூன் பால் குடித்தாள், எத்தனை முறை இருமினாள், இவரை எத்தனை முறை உதைத்தார்கள். எல்லாம் ஒரே நோட்டில்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். இதுவரை நாம் போட்டது மொத்தம் நாலு கோல். நாலும் ஃப்ரீ கிக். அடித்தவர் எதிர் வீட்டுக்காரர், இடது காலால் அடிப்பதால் எல்லோருக்கும் இடதுகாலர். முப்பத்தைந்து வயது, ஓடினால் மூச்சு இரைக்கும், ஆனால் நிற்கிற பந்தை நினைத்த இடத்தில் வைப்பார். அந்த நாலு ஃப்ரீ கிக்கும் எப்படிக் கிடைத்தது? இவரிடமிருந்து பந்தைப் பிடுங்க முடியாமல் இவர் காலை உதைத்தார்கள்.

நாலும்.

செப்டம்பர் 12, செவ்வாய்

குட்டியைத் தூக்கிக்கொண்டு மைதான வேலியோரம் நடந்தேன். கோச் தனியாகப் பயிற்சிக் கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்ன துணிச்சல் வந்ததோ, போய் நோட்டை நீட்டிவிட்டேன்.

"சார், இவரை மட்டும் வெளியே உட்கார வெச்சிராதீங்க. இவர் உள்ளே இருந்தாத்தான் ஃப்ரீ கிக் கிடைக்குது. பாருங்க."

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார். பால் கணக்கையும் சேர்த்துப் படித்தார்போல.

"ஏம்மா, இத்தனை நாளா இதை வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு என்ன பண்ணுன?"

வரும்போது காற்றில் மிதந்து வந்தேன்.

செப்டம்பர் 14

"என்னைச் சுத்தி ஆட்டத்தையே மாத்தப் போறாராம்டீ!" செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குட்டியைத் தூக்கிச் சுற்றினார். "எல்லாப் பந்தும் எனக்குத்தான் வரும். கோல் பெட்டிக்கு முன்னாடி நான் முதுகு காட்டி நின்னு வாங்கணும், பிடிச்சு வெச்சுக்கணும். ஓடவே வேண்டாம்னுட்டார். இப்பத்தான் அந்த ஆளுக்குக் கண்ணு தொறந்திருக்கு."

யார் திறந்தது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சிரிப்பு பாதியாகிவிடும். இருக்கட்டும்.

செப்டம்பர் 17, ஞாயிறு

2–0!! இரண்டும் இடதுகாலர். இரண்டும் இவரை உதைத்ததற்கு.

பதினோரு கோடு.

அக்டோபர் 1, ஞாயிறு

மூன்றாவது வெற்றி. பதினாறு கோடு.

இரண்டு தட்டு ஐஸ் போதவில்லை. எதிர் வீட்டில் போய்க் கேட்டேன். இடதுகாலரின் மனைவி தட்டை நீட்டிக்கொண்டே, "வாங்கிக்கோ, வாங்கிக்கோ. உங்க வீட்டுக்காரர் விழுந்தாத்தானே எங்க வீட்டுக்காரருக்கு மாலை!" என்றாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது, ஐஸ் வேண்டுமே.

கணுக்காலுக்கு மேலே தோல் பச்சை, கத்தரி, மஞ்சள் என்று மூன்று நிறம். தொட்டால் பல்லைக் கடிக்கிறார். "வலிக்குதாங்க?" என்றால், "ஜெயிச்சோமில்ல" என்கிறார். கேட்ட கேள்விக்கு அது பதிலா?

அக்டோபர் 9

குட்டி இன்று கூடத்தில் வேண்டுமென்றே விழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு "ஆ!" என்று கத்தினாள். பிறகு தலையைத் தூக்கி, யாராவது விசில் ஊதுகிறார்களா என்று பார்த்தாள்.

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

கூட்டம் இவருக்குப் பெயர் வைத்துவிட்டது. டயர். எவ்வளவு உதைத்தாலும் உருண்டு எழுகிறாராம். இவர் கீழே விழுந்ததும் "டயர்! டயர்!" என்று கத்துகிறார்கள். நம் ஆட்கள்தான் கத்துகிறார்கள், எதிராளிகள் இல்லை. சந்தோஷமாக. என் பக்கத்தில் ஒருவர் தன் மகனைத் தோளில் ஏற்றிவைத்து, "பாரு, இப்ப உதைப்பான் பாரு" என்று காட்டினார்.

பயிற்சியில் என்ன நடக்கிறது என்று நேற்றுத்தான் தெரிந்தது. நம் டிஃபென்ஸ்காரர்களையே வரிசையில் நிறுத்தி, இவரைப் பின்னாலிருந்து தட்டச் சொல்கிறார் கோச். விழும்போது பந்து பெட்டிக்கு நேரே இருக்க வேண்டும், பக்கவாட்டில் போகக் கூடாது, அதற்குப் பழக்கமாம். "மெதுவாத்தான் தட்டுறானுங்க" என்கிறார் இவர்.

மெதுவாகத் தட்டினால் இப்படியா வீங்கும்?

நவம்பர் 5, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

நாற்பதாவது நிமிடம். வழக்கம்போல முதுகு காட்டிப் பந்தை வாங்கினார். உதைக்க ஒருவன் வந்தான். இவர் நிற்கவில்லை. காலை உருட்டி, திரும்பி — அவன் ஒரு பக்கம் போனான், பந்து ஒரு பக்கம். இரண்டாமவனின் கால்களுக்கு நடுவே விட்டார். மூன்றாமவன் உட்கார்ந்தே விட்டான். அடித்தார். கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. நான் எழுந்து நின்றுவிட்டேன். எட்டு வருடத்துக்கு முந்தைய அதே ஆள்! கல்லூரி மைதானம், அதே கால்!

அடுத்த நிமிடமே கோச் இவரை வெளியே எடுத்தார். வேலிக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

"உன்னை யாருடா ஆடச் சொன்னது?"

நவம்பர் 6

கோச்சிடம் சண்டை போடப் போயிருக்கிறார். அவர் சாவகாசமாகச் சொல்லியிருக்கிறார்: "இது என் யோசனை இல்லப்பா. உன் வீட்டம்மா நோட்டுல இருந்துச்சு. அவங்களுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையே."

வந்தார். அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கம் பக்கமாகத் திருப்பினார்.

"இது என்ன?"

"கோடு."

"ஒவ்வொண்ணும் ஒரு உதையா?"

"உங்களுக்காகத்தாங்க… உங்களை எடுத்துடுவாங்கன்னு பயந்து…"

"நான் விழறப்ப நீ என்னைப் பாக்கவே இல்ல. குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்திருக்கே."

கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. குட்டியின் பால் கணக்கு இருந்த பக்கத்தை மட்டும் கிழித்துத் தனியாக வைத்தார். "இது வேற, அது வேற" என்றார்.

நவம்பர் 8

பேசவில்லை. ஐஸ் தட்டை அவரே எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 26, ஞாயிறு

வெற்றி. இவர் திரும்பவும் சொன்னபடி நிற்கிறார், சொன்னபடி விழுகிறார். இருபத்தொரு கோடு. ஆமாம், இன்னும் எண்ணுகிறேன். கோச் வாரா வாரம் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். எந்தப் பக்கத்திலிருந்து உதைத்தால் இடதுகாலருக்கு வசதி என்று இப்போது படமும் வரைகிறேன்.

நன்றாக வரைகிறேன் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்ன ஜென்மம் நான்?

டிசம்பர் 13, புதன்

டாக்டர் முழங்காலை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு நார் பாதி கிழிந்திருக்கிறதாம். ஆறு வாரம் ஆடவே கூடாது, மீறி ஆடினால் முழுசாகப் போய்விடும் என்றார். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். பட்டியல் மாதக் கடைசியில்.

கோச்சிடம் போனேன். "சார், இந்த ஒரு ஆட்டம் மட்டும் விட்டுடுங்க."

"விட்டுடலாம்மா. நான் வேண்டாம்னு சொல்லலையே. ஆனா அவன் இல்லாட்டி ஃப்ரீ கிக் இல்ல. ஃப்ரீ கிக் இல்லாட்டி கோல் இல்ல. உன் நோட்டுதானே சொல்லுது? தோத்துட்டு வந்து மேனேஜர்கிட்ட யார் பேரை நான் சொல்றது?" பிறகு குட்டியின் கன்னத்தைத் தட்டினார். "டாக்டர் சீட்டை யார்கிட்டயும் காட்டலேல்ல?"

காட்டவில்லை.

டிசம்பர் 16, சனி

"நீ சொல்லு. ஆடட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டார். நவம்பருக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி.

குட்டி இவர் காலடியில் உட்கார்ந்து செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தேன். குழாயைப் பார்த்தேன்.

"ஒரே ஒரு ஆட்டம்தானேங்க."

தலையை ஆட்டினார். அதைத்தான் சொல்வேன் என்று தெரிந்த மாதிரி.

டிசம்பர் 17, ஞாயிறு

காலையில் முழங்காலில் துணியைச் சுற்றிக் கட்டியது நான். இறுக்கமாக. "இன்னும் இறுக்கு" என்றார். இறுக்கினேன்.

எண்பதாவது நிமிடம்வரை 0–0. பெட்டி விளிம்பில் பந்து வந்தது. பக்கவாட்டிலிருந்து ஒருவன் பாய்ந்தான். கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாக… வேண்டாம்.

"டயர்! டயர்!" என்று கூட்டம் கத்தியது. நடுவர்கூட விசில் ஊதிவிட்டு, எழுந்திரு என்று கையைக் காட்டினார். எழவில்லை. என் மடியிலிருந்து குட்டி இறங்கி, தரையில் விழுந்து, "ஆ!" என்று கத்திவிட்டுச் சிரித்தாள்.

கோட்டுக்கு வெளியே இவரைத் தூக்கி வைத்துவிட்டு ஃப்ரீ கிக் அடித்தார்கள். இடதுகாலர். கோல். எல்லோரும் அவர் மேல் ஏறி விழுந்தார்கள். இவர் பக்கம் ஒருத்தன் வரவில்லை.

நான் இறங்கி ஓடினேன். ஓடினேன்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் நோட்டைத் திறந்து பார்த்தேன். கடைசிக் கோடு இருக்கிறது. பத்தொன்பதாவது. நேராக, நடுங்காமல் இருக்கிறது. நான் எழுந்து ஓடுவதற்கு முன்பே போட்டிருக்கிறேன்.

டிசம்பர் 29

பட்டியல் வந்தது. நாலு பேர். முதல் பெயர் இடதுகாலர். இவர் இல்லை. உடல் தகுதி இல்லாதவரை நிரந்தரம் செய்ய விதியில் இடமில்லையாம். மேனேஜர் ரொம்ப வருத்தப்பட்டதாகக் கோச் சொன்னார்.

ஜனவரி 11

கம்பெனியிலிருந்து கடிதம். இவருக்கு என்று நினைத்துப் பிரித்தேன். எனக்கு. 'ஆட்டக் குறிப்பாளர்' என்று ஒரு புதுப் பதவி. நிரந்தரம். குவார்ட்டர்ஸ் இனி என் பெயரில்.

கோச் சொல்லி அனுப்பியிருந்தார்: "யாராலயும் பாக்க முடியாததை உன் கண்ணு பாக்குதும்மா."

இவரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். மடித்துக் கொடுத்தார்.

"வீடு நிக்குதில்ல. போ."

மார்ச் 10, ஞாயிறு

இவருக்குக் கால் மடங்காது. உட்காரும்போது இரண்டு கையாலும் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்துக்கொள்கிறார். குட்டியைப் பகலில் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவள் இப்போது விழுந்து விளையாடுவதில்லை. நொண்டி விளையாடுகிறாள்.

இன்று புதியவர்களுக்குத் தேர்வு ஆட்டம். ஒரு ஃபார்வர்டு, இருபத்திநாலு வயது இருக்கும். அவர் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. ஆரஞ்சை உரித்துப் பாதியை என் கையில் வைத்தாள்.

"அக்கா, இவருக்கு ஓட்டம் பத்தாதுன்னு பேசிக்கிறாங்க. எடுத்துக்குவாங்களாக்கா? இருந்த வீட்டையும் விட்டுட்டு வந்துட்டோம்."

பார்த்தேன். ஓட்டம் இல்லைதான். ஆனால் பதினாலு முறை கீழே தள்ளினார்கள், பதினாலு முறையும் காலைத் தடவிக்கூடப் பார்க்காமல் எழுந்தார்.

"என்னமோ எழுதறீங்களே, இவரைப் பத்தியா?"

"ஆமா. நல்லாத்தான் எழுதறேன்."

ஆட்டம் முடிந்ததும் கோச் வந்து கையை நீட்டினார். என்னால் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்திருக்க முடியும். ஆரஞ்சுப் பிசுபிசுப்பைச் சேலையில் துடைத்துக்கொண்டு நோட்டைக் கொடுத்தேன்.

சாயங்காலம் அந்தப் பெண் மூச்சு வாங்க எங்கள் வாசலுக்கு வந்தாள். பை நிறைய ஆரஞ்சு. முகமெல்லாம் பல்.

"அக்கா! எடுத்துட்டாங்க! இவரைச் சுத்தி ஆட்டத்தையே மாத்தப் போறாங்களாம்!"

வாசல் நாற்காலியில் இவர் இருந்தார். காலைக் கொஞ்சம் நகர்த்தி, அவள் உள்ளே வர வழிவிட்டார்.

"ரொம்ப சந்தோஷம்மா. ஐஸ் தட்டு மட்டும் ரெண்டு மூணு சேர்த்து வாங்கி வெச்சுக்க."

தமாஷ் என்று நினைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். என்னைப் பார்த்து.