பிள்ளையாருக்கு ஆயாத பூ

ஸ்காபரோ
15.4.1996

அன்புள்ள தம்பி பஸ்ரியன்,

போனில் சொன்னால் நீர் "ஓம் ஓம்" என்று வைத்துவிடுவீர், அதனால் எழுதுகிறேன். என்ர பேஸ்மென்றில் இருந்த ஐந்து வருடமும் நீர் கொத்திக் கிளறிய பின்வளவைத் துப்புரவாக்கிவிட்டேன். வேலியோரம் நீர் வைத்த பூமரம் இலையில்லாமல் விறகாய் நின்றது. ஒக்ரோபரில் கிளப்பிக்கொண்டு போவதாகச் சொன்னீரல்லவா? விறகையா தந்து அனுப்புவேன்? ஊரில் முருங்கைக்குச் செய்வது மாதிரி அடியில் தறித்துவிட்டேன். முருங்கையை முறித்து வளர் என்று சும்மாவா சொன்னார்கள்! நீர் வரும்போது சடைத்து நிற்கும் பாரும்.

நிலாணியைச் சுகம் கேட்டதாகச் சொல்லும். குளிர் பழகிவிட்டதாமோ?

அன்புடன்
யோகமலர் அன்ரி

*

அஜக்ஸ்
20.4.1996

அன்ரிக்கு,

ஐயோ, என்ன வேலை செய்தீர்கள்! அது மரப் பியோனி. பனிக்காலம் முழுக்க வெறும் தடியாகத்தான் நிற்கும். அந்தத் தடியில்தான் மொட்டு இருக்கும். வைத்து நாலு வருடத்துக்குப் பிறகு, போன வருடம்தான் முதல் பூ. கொழும்பில் காத்திருந்த நிலாணிக்கு அந்தப் படத்தை அனுப்பி, "வாற வருசம் நேரில பாப்பீர்" என்று எழுதினேன். ஐந்து வருடம் பிரிந்திருந்த மனிசிக்கு வேறு எதைச் சொல்ல இருந்தது? தை மாதம் வந்து இறங்கியதிலிருந்து "எப்ப காட்டுவியள்?" என்று கேட்கிறாள். இனி எதைக் காட்டுவேன்?

தயவுசெய்து அதில் மறுபடி கத்தி வைக்காதீர்கள்.

பஸ்ரியன்

*

ஸ்காபரோ
9.6.1996

அன்புள்ள தம்பி,

உமது கடிதத்தின் அடியில் "அன்புடன்" இல்லை. அந்தத் தண்டனையே எனக்குக் காணும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வேலைக்குப் போகமுதல் ஒருக்கால், வந்து ஒருக்கால் என்று அதன் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். போன கிழமை தளிர் வந்துவிட்டது! ஆனால் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று நுனி பிளந்த இலை, மற்றது பிளவில்லாத மினுங்கல் இலை. இரண்டிலும் ஒவ்வொன்று இதற்குள் வைத்திருக்கிறேன். எது உமது பிள்ளை? கத்தி வைக்காதே என்றீர், நான் வைக்கவில்லை.

அன்புடன்
அன்ரி

*

அஜக்ஸ்
14.6.1996

அன்புள்ள அன்ரி,

இலைகளைக் கண்டதும் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். வேறு யார் இப்படித் தபாலில் அனுப்புவார்கள்!

நுனி பிளந்ததுதான் பியோனி. அதை வேறொரு செடியின் வேரில் ஒட்டியிருக்கிறார்கள். மினுங்கல் இலை அந்த வேரின் முளை, விட்டால் மற்றதைத் தின்றுவிடும். மண்ணைக் கிளறி, வேரடியில் அதை மட்டும் வெட்டுங்கள். இந்த முறை கத்தி வைக்கலாம்.

இந்த வருடம் கிளப்பினால் செத்துவிடும். இரண்டு வருடம் போகட்டும், பிறகு எடுக்கிறேன்.

அன்புடன் (போட்டிருக்கிறேன்)
பஸ்ரியன்

*

ஸ்காபரோ
28.5.1998

அன்புள்ள தம்பி,

பூத்துவிட்டது! மூன்று பூ. ஒவ்வொன்றும் சோற்றுக் கோப்பை அளவு. வெளியே இளம் ரோசா, அடியில் கறுப்புச் சிவப்பு, நடுவில் மஞ்சள் பொடி. என்ன வடிவு தம்பி! நேற்று மழைக்குக் குடையை மரத்துக்குக் கட்டிவிட்டு நான் நனைந்தேன். பக்கத்து வீட்டு இராஜரட்ணம் அண்ணை எட்டிப் பார்த்து, "உதென்ன, கடதாசிப் பூவோ?" என்கிறார். தொட விடவில்லை.

பிள்ளையாருக்கு வைக்கக்கூட மரத்திலிருந்து ஒன்று ஆயவில்லை. உமது மரம், கேளாமல் ஆயப்படாது. அவர் கோவிக்கமாட்டார்.

ஆறு நாள்தான் நிற்குமாம். நிலாணியைக் கூட்டிக்கொண்டு உடனே வாரும். ஒக்ரோபரில் மரத்தை எடும். சாக்கும் கயிறும் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்
அன்ரி

*

அஜக்ஸ்
11.10.1998

அன்புள்ள அன்ரி,

நேற்று மண்வெட்டியோடு வந்தேன். நீங்கள் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். காற்றுக்கு மறைப்பாக உங்கள் பழைய சேலையை மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்தீர்கள். ஒவ்வொரு கிளையிலும் மொட்டு. படியில் சாக்கு மடித்திருந்தது, கயிறும் அளவாக வெட்டியிருந்தது.

அன்றைக்குப் பூப் பார்த்துவிட்டுக் காரில் ஏறியதும் நிலாணி சொன்னாள், "பூ வடிவுதான். ஆனா நான் அன்ரியின்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்." அப்போது எனக்கு விளங்கவில்லை, நேற்று விளங்கியது. தறித்த மரத்தை இப்படி எழுப்ப என்னால் முடிந்திராது அன்ரி.

மண்வெட்டியை உங்கள் கராஜ் சுவரில் சாத்திவிட்டு வந்தேன். உங்களுக்குத்தான் அது தேவைப்படும். நாங்கள் வருடா வருடம் பார்க்க வருவோம்.

வாற வைகாசியில் பிள்ளையாருக்கு ஒரு பூ ஆயுங்கள். ஒருவரையும் கேட்கத் தேவையில்லை.

அன்புடன்
பஸ்ரியன்