அமலியின் தூக்கத்தைக் கலைத்தது நீ இல்லை, பிலோமி

என் அன்பு பிலோமி,

உன் அமலி இப்போது பாயில் தூங்குகிறாள். மத்தியானத் தூக்கம். மீன்காரி வாசலில் நின்று கூவிவிட்டுப் போனாள், பிள்ளை அசையவில்லை. இதை உனக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ போன பிறகு இந்தத் தெரு உன்னைப் பற்றி ஒன்று சொன்னது. அது உண்மையில்லை என்று உன்னிடமே சொல்ல வேண்டும்.

மஞ்சள் காமாலை முற்றி நீ ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோது அமலிக்கு எட்டு மாதம். உன் வீட்டுக்காரர் சேவியருக்குக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை. கடலுக்குப் போனால் எப்போது திரும்புவோம் என்று அவருக்கே தெரியாது. அதனால் அடக்கம் முடிந்ததும் உன் அண்ணனும் நானும் பிள்ளையைத் தருவைகுளத்திலிருந்து தூத்துக்குடிக்கு, எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குத் தொட்டில் கட்டக்கூடத் தெரியாது. உன் அண்ணன்தான் புது ஹார்பர் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் உன் பழைய சேலையை உத்தரத்தில் போட்டுக் கட்டினார்.

"மைனி, எம்பிள்ள மாதிரி தூங்குத பிள்ளய நீங்க பாத்திருக்க மாட்டீய" என்று பெருமையடிப்பாயே. இங்கே வந்தும் கொஞ்ச நாள் அப்படித்தான் தூங்கினாள். அப்புறம் எல்லாம் மாறிவிட்டது. கண் அயர்ந்த சற்று நேரத்தில் வீறிட்டு எழுவாள். தூக்கினால் திமிறுவாள், கீழே விட்டால் கத்துவாள். நான் அடுப்படிக்குள் நுழைந்தாலே அழுகை. உன் அண்ணன் தூங்காத கண்ணோடு வேலைக்குப் போய்வந்தார்.

பக்கத்து வீட்டு செபஸ்தியம்மா நல்ல மனசுக்காரி. ஒருநாள் வந்து தொட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏளா, பெத்தவ வந்து தொட்டு எழுப்புதா. பிள்ளயக் கூப்பிடுதா. அந்தச் சேலய மொதல்ல எரி. பொறவு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவோம்."

இன்னொருத்தி பாலில் பிராந்தி ரெண்டு சொட்டு விடச் சொன்னாள். இரண்டையும் நான் செய்யவில்லை. ஆனால் பேச்சு பரவிவிட்டது. குழாயடிக்கு நான் போனால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். யாரிடமும் அதிர்ந்து பேசத் தெரியாத நீ, பெற்ற பிள்ளையைப் பயமுறுத்தும் பேயாகிவிட்டாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனேன். காதைப் பார்த்தார், ஈறைத் தடவினார், காய்ச்சல் இருந்ததா என்று கேட்டார். ஊர்ப்பேச்சையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பல் வருது. எழுந்து நிக்கப் பழகுறா. வீடு மாறியிருக்கு, அம்மா இல்ல. இதுல ஒண்ணே போதும் தூக்கம் கெட. கொஞ்ச நாள்தாம்மா இது. தினமும் சாயங்காலம் எல்லாத்தையும் ஒரே மாதிரி செய்யுங்க. சிணுங்குனதும் தூக்கிடாதீங்க, பக்கத்துல இருந்து தட்டிக் கொடுங்க. நீங்க மறைஞ்சா திரும்பி வருவீங்கன்னு அவளுக்கு இன்னும் நிச்சயமாத் தெரியல. பகல்ல ஒளிஞ்சு விளையாடுங்க."

எழுந்து நிற்கப் பார்க்கிறவளுக்குத் தொட்டில் வேண்டாம் என்றார். உன் சேலையை அவிழ்த்துப் பாயில் விரித்தேன். பொழுது சாய்ந்ததும் வெந்நீரில் உடம்பைத் துடைப்பேன். பால் கொடுத்து, விளக்கைத் தணித்து, முழித்திருக்கும்போதே கிடத்துவேன். நெஞ்சின்மேல் என் கை இருக்கும். சில நாள் அப்படியே தூங்கினாள், பல நாள் தூங்கவில்லை. அவளோடு சேர்ந்து நானும் அழுததுண்டு.

பகலில் கதவுச் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அமலி, இந்தா வந்துட்டேன்" என்பேன். முதலில் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு சிரித்தாள். போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று உன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறேனே, பிலோமி. அது சரியா?

அப்போதுதான் தோணி கரைக்கு வந்தது. சேவியர் பிள்ளையை மணப்பாட்டில் இருக்கும் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விடும் எண்ணத்தோடு வந்திருந்தார். ஊர்ப்பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது. மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, அவ வாரான்னு சொல்லுதாவளே. நெசமா?"

நான் வாய் திறக்கும் முன்னே, "வாரான்னா விரட்டிராதீய அக்கா" என்றார்.

"கையக் கழுவிட்டு வாங்க தம்பி" என்றேன். அவர் விரலைப் பிடித்து அமலியின் கீழ் ஈறில் வைத்தேன். வெட்டிக்கொண்டு வந்திருந்த பல் அவர் விரலில் பட்டது. நறுக்கென்று கடித்தாள். கையை இழுத்துக்கொண்டு சிரித்தவர், அப்படியே நிறுத்தினார்.

"அப்ப, அவ வரலியா?"

"இல்ல தம்பி. அவ வரமாட்டா."

அதை இந்த வீட்டில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அடக்கத்தில்கூட அழாத உன் வீட்டுக்காரர், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அவள் அவருடைய சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் இந்த வீடு அவளுக்குப் பழகுது. இன்னொரு வீட்டுக்குப் போனா மொதல்லேருந்து அழுவா" என்றேன். மணப்பாட்டுப் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. தோணி கிளம்பும்வரை தினமும் அவரே பிள்ளையைக் கிடத்தினார். "அவ தூங்குதப்ப போயிராதீய. முழிச்சிருக்கயில சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டுக்கொண்டேன். "அப்பா கொழும்புக்குப் போயிட்டு வாரேன்மா" என்று அவள் முகம் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். கதறினாள். அன்று தூங்க நேரமானது. ஆனாலும் தூங்கினாள்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய தூக்கம் வந்துவிட்டது. நேற்று செபஸ்தியம்மா, "சேலய எரிச்சிட்டியா?" என்றாள். "இல்ல, பல்லு வந்துட்டு" என்றேன். பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு போனாள்.

இன்னும் பல் வரும், காய்ச்சல் வரும், தூக்கம் திரும்பவும் கெடும். அதற்கு நான் பயப்படவில்லை. விவரம் தெரியும் வயதில் யாராவது அவளிடம் சொல்லத்தான் செய்வார்கள், "உன் அம்மா வந்து உன்னை எழுப்பினாள்" என்று. அதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். "உன் அம்மாவுக்கு உன்னைத் தூங்கவைக்கத்தான் தெரியும், ஒருநாளும் பயமுறுத்தியதில்லை" என்று சொல்வேன். அவள் திரும்பி வரமாட்டாள் என்பதையும் நானே, என் மடியில் வைத்துச் சொல்வேன். அன்று அவள் எவ்வளவு அழுதாலும் பக்கத்திலேயே இருப்பேன்.

உன் பிள்ளைக்குத் துணையிருக்கும்,
உன் மைனி