தாத்தா பக்கத்து உதை

கடலூர்,
15.6.2009

அன்பு மகள் கயல்விழிக்கு அம்மா அமராவதி எழுதுவது. இங்கே நானும் உன் மகளும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அங்கே குவைத்தில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும் என்று பாடலீஸ்வரரிடம் சொல்லிவிட்டு வந்துதான் பேனாவைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் ஹாலில் இருக்கிறது, சுவேதாவுக்குக் காது நாலு. அதோடு நான் சொல்லப்போவதைக் கேட்டால் நீ நடுவில் கத்துவாய், கடிதத்தைப் படித்துவிட்டுக் கத்தினால் எனக்குக் கேட்காது. உன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற குறிஞ்சிப்பாடி எழிலரசி லீவு முடிந்து புதன்கிழமை கிளம்புகிறாள், இதையும் ஒரு டப்பா தட்டையையும் அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். முதலில் தட்டையைச் சாப்பிடு, பிறகு படி.

போன மாதம் சிதம்பரத்தில் நடந்த டேக்வாண்டோ பரீட்சையில் தேறவில்லை, மஞ்சள் பெல்ட் கிடைக்கவில்லை என்று சுவேதா உன்னிடம் போனில் அழுதாள். உடனே நீ என்னைக் கூப்பிட்டு, "வராதத எதுக்கும்மா புள்ள தலையில கட்டணும், நிறுத்திட்டு கணக்கு டியூஷன்ல சேத்துவுடு" என்றாய். நானும் சரி என்றேன். அந்தச் சரிதான் இத்தனை நாளாக நெஞ்சில் முள் மாதிரி இருக்கிறது. அவளுக்கு வராமல் இல்லை கயலு. நன்றாக வந்ததைக் கெடுத்தவள் நான்.

எப்படி என்று சொல்கிறேன். அவர்களுக்குப் பூம்சே என்று ஒன்று உண்டு. எதிரில் ஆளே இல்லாமல், இருப்பதாக நினைத்துக்கொண்டு, தடுப்பதும் குத்துவதும் உதைப்பதுமாக வரிசை தப்பாமல் செய்து, கிளம்பின இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். முதல் பூம்சேயில் பதினெட்டு அசைவு, அதில் உதை இரண்டே இரண்டுதான், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் திரும்பி ஒன்று. மஞ்சக்குப்பத்தில் வகுப்பு நடத்துகிற பழனிவேல் மாஸ்டர், தினம் இருபது தடவை வீட்டில் செய்துபார்க்கச் சொன்னார். நம் ஹாலில் அவள் நின்றால் இடது பக்கம் டி.வி., வலது பக்கம் யார்? சுவரில் சந்தன மாலையோடு உன் அப்பா. டி.வி.யை உதைக்கட்டும், கேட்பாரில்லை. அந்த மனுஷர் முகத்துக்கு நேராகப் பேத்தி காலைத் தூக்கியதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "ஏய், தாத்தாவுக்கு நேரா கால நீட்டாதடி" என்று ஓர் அதட்டல் போட்டேன். "அப்ப அந்த எடத்துல நான் இன்னா ஆயா செய்யறது" என்று கேட்டாள். முட்டியை மட்டும் தூக்கி மெதுவாகக் கீழே வைத்துவிடு, தாத்தா புரிந்துகொள்வார் என்றேன். தினம் இருபது தடவை, மூன்று மாதம். பெருக்கிக்கொள், நீதானே கணக்கு கணக்கு என்கிறாய். மாஸ்டர் கவனிக்கவில்லையா என்று கேட்பாய். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் அவர் எண்ண எண்ண ஒன்றாகச் செய்வார்கள், பக்கத்துக் கால் எழும்பும்போது இவள் காலும் எழும்பிவிடும். பரீட்சையில்தான் எண்ணிக்கை கிடையாது, பக்கத்தில் ஆளும் கிடையாது.

அன்றைக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்கிற மேடையில் பெரிய மாஸ்டர் தில்லைநாதன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சுவேதா குனிந்து வணக்கம் வைத்துவிட்டு ஆரம்பித்தாள். இடது பக்கம் விட்டாள் பார் ஓர் உதை, பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் கேட்காமலே "எம் பேத்தி" என்றேன். வலது பக்கம் திரும்பினாள். முட்டி எழுந்தது, பூனை இறங்குகிற மாதிரி சத்தமில்லாமல் கீழே இறங்கியது. அந்தப் பக்கம் ஒரு ஸ்டாண்டு பேனைத் தவிர ஒன்றுமில்லை. இன்னொரு தடவை செய்யச் சொன்னார், அதே கதை. "ஏம்மா, அந்தப் பக்கம் திரும்புனா கால் வலிக்குதா" என்று கேட்டார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். ஆயாதான் சொன்னது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நானாவது எழுந்திருக்கலாம். அத்தனை பேர் நடுவில் சிரிப்பார்களே என்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்கும் போனில் அதனால்தான் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் மறுபரீட்சை என்றார்கள். உன்னிடம் சரி என்றேனே தவிர, வகுப்புக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். கணக்கு டியூஷனிலும் சேர்த்துவிட்டேன், உன் பேச்சில் பாதி கேட்டதாக எழுதிக்கொள். பழனிவேல் மாஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன், அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, போட்டோவைக் கழற்றி உள்ளே வைக்கச் சொன்னார். வைத்தேன். சுவர் காலியாக இருந்தும் கால் மரியாதையாகவே இறங்கியது. என்னடி என்றால், "ஆணி இருக்குதே ஆயா" என்கிறாள். அப்புறம் உன் அப்பாவை மறுபடி மாட்டிவிட்டு, அவருக்குக் கீழே நானே தலையணையைக் கட்டிக்கொண்டு நின்று, உதைடி என்றேன். தாத்தா மேல் பட்டுவிடும் என்று அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்றை அவளிடம் சொல்லும்படி ஆயிற்று. "பட்டா பட்டும்டி. உங்க தாத்தா கொறட்டைக்கு நாப்பது வருஷம் நான் ஒதைச்சத விடவா நீ ஜாஸ்தியா ஒதைக்கப் போற?" என்றேன். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தாரானால் கரும்பு லாரி மேடேறுகிற சத்தம்தான், உனக்குத் தெரியாததா. இடுப்பில் ஒன்று வைத்தால் நிற்கும். விடிந்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று தைலம் கேட்பார், நானே தேய்த்தும் விடுவேன். கடைசிவரைக்கும் வாயு என்றே நம்பினார். சுவேதா சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு உதைத்தாள். தலையணையோடு நான் சுவரில் போய் மோதினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நேற்றுக் காலையில் முதல் பஸ்ஸில் மறுபரீட்சைக்குப் போனோம். குடிகாடு ரசாயனக் கம்பெனிப் பக்கம் வந்தபோது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்ள, இவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் மடியில் பூம்சே போட்டுக்கொண்டிருந்தாள். அதே மண்டபம். வலது பக்கம் திரும்பினாள், அந்த வெள்ளை டிரஸ் படீரென்று சத்தம் போடுகிற மாதிரி ஓர் உதை. கடைசிக் குத்துக்கு அவள் போட்ட கத்தலில் யாருடைய கைக்குழந்தையோ அலறியது. பெரிய மாஸ்டர் சிரித்து, கால் வலி போய்விட்டதா என்று கேட்டார். "அது வலி இல்ல சார், மரியாத" என்றாள். அவருக்கு விளங்கவில்லை. இந்தத் தடவை நான் எழுந்தேன். தாத்தா, மாலை, முட்டி எல்லாவற்றையும் மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னேன், குறட்டையை மட்டும் விட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. பெல்ட் கொடுத்துவிட்டார்கள்.

இனி உன்னிடம்தான் ஒரு காரியம் இருக்கிறது. நீ நிறுத்தச் சொன்னது அவளுக்குத் தெரியாது. அன்றைக்குப் போனை வைத்ததும், அம்மா என்ன சொன்னாள் என்று என் முகத்தையே பார்த்தாள். "ஒனக்கு வரும், இன்னொரு தடவ செஞ்சு பாருன்னு சொன்னா" என்று வாயில் வந்துவிட்டது. அம்மாவே சொல்லிவிட்டாளே என்று அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வாரம் உழைத்தாள். வெள்ளிக்கிழமை பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான் போனை எடுப்பாளாம். நீ ஒன்றும் தெரியாதவளாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்று மட்டும் சொல். என்மேல் உள்ள கோபத்தை எனக்குத் தனியாகக் கடிதத்தில் எழுது, எத்தனை பக்கம் ஆனாலும் படிக்கிறேன். நான் சொன்ன பொய்யை நீ உண்மையாக்கிவிடு.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். மறந்துவிடாதே, வெள்ளிக்கிழமை. உனக்குச் சின்ன வயதிலிருந்தே நடிக்க வராது, இரண்டு தடவை சொல்லிப்பார்த்துவிட்டு அப்புறம் போன் போடு.

உன் அம்மா,
தே. அமராவதி