மூன்றாவது கூடை

என் அருமை நொட்டாங்கைக்காரனுக்கு,

இன்று மழை விட்டதும் தோட்டத்துப் பக்கம் போனேன். நனைந்த கருங்கல்லின் வாசனை வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய்.

என் தோட்டம் மேட்டில், உன்னுடையது பள்ளத்தில். ஐப்பசி மழையில் என் மண் கரைந்து உன் கிணற்றடிக்கு வந்துவிடும். "உன் தோட்டத்துல பாதி எங்கிட்டதான் இருக்கு, பட்டாவ மாத்திக் குடுத்துடு" என்பாய். ரயில்வே பணிமனையிலிருந்து இருவரும் ஓய்வு பெற்றதும், எல்லையோரம் கம்பிவலைக் கூடைகளை வைத்துக் கல் நிரப்பிச் சுவர் எழுப்பலாம் என்று நீதான் கிளப்பிவிட்டாய். தண்ணீர் கல்லிடுக்கில் போய்விடும், மண் நின்றுவிடும் என்றாய்.

கொலுவில் பொம்மை வைப்பதுபோல ஒவ்வொரு கல்லாக அடுக்குவாய். நான் கொட்டிவிட்டுப் போகிற ஆள். அடிக்கு ஒருமுறை முன்வலையையும் பின்வலையையும் குறுக்குக் கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கூடை வயிறு தள்ளிச் சரிந்துவிடும். நீ இடது கையால் கட்டுவதால் முறுக்கு எதிர்ப்பக்கமாக விழும். அதைப் பிரிக்கத் தெரியாமல் உன்னைத் திட்டியே எனக்குப் பாதி நாள் போகும்.

ஒருநாள் கம்பி தீர்ந்துபோய் வாங்கிவரச் சத்திரம் கடைவீதிக்குப் போனாய். நீ திரும்புவதற்குள் அசத்திவிடலாம் என்று, குறுக்குக் கம்பி கட்டாமலே மூன்றாவது கூடையை நிரப்பி மூடிவிட்டேன். கட்டினாயா என்று கேட்டாய். கட்டினேன் என்றேன். உன்னிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், உறுத்தியது அது ஒன்றுதான்.

மறுவாரம் நான் என் அக்கா மகள் கல்யாணத்துக்குத் தொட்டியம் போய் இரண்டு நாள் கழித்து வந்தால், உன் விரலில் கட்டு. அரிவாள்மணை கீறிவிட்டது என்றாய். நீ என்றைக்குக் காய் நறுக்கினாய் என்று கேலி செய்தேன்.

போன தையில் நீ போய்விட்டாய். இப்போது அந்த மூன்றாவது கூடையின் அடியில்தான் உன் வீட்டுக்காரி காமாட்சி மல்லி வைத்திருக்கிறாள். தினமும் அங்கே உட்கார்ந்துதான் பூப் பறிக்கிறாள். மழை பெய்தாலே கூடை சரிந்து அவள்மேல் விழுமோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். இன்று பொறுக்க முடியவில்லை. அவளைத் தள்ளி நிற்கச் சொல்லி, உண்மையையும் சொல்லிவிட்டு, கூடையைத் திறந்தேன்.

ஓர் அடி ஆழம் கல்லை எடுத்ததும் கையில் கம்பி தட்டியது. முன்வலையிலிருந்து பின்வலைக்கு விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தது. தளர்த்தலாம் என்று குறடால் திருப்பினேன். இன்னும் இறுகியது.

கம்பி தீர்ந்துதானே கடைக்குப் போனாய். கட்டினேன் என்று நான் சொன்னபோதே உனக்குத் தெரிந்திருக்கிறது.

"நீங்க கல்யாணத்துக்குப் போன அந்த ரெண்டு நாளும் கல்லோடதாண்ணே கெடந்தாரு" என்றாள் காமாட்சி. "சொன்னா அவன் மனசு வாடிடும், சொல்லாதன்னாரு."

படுபாவி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் காலத்திலேயே உன்னைக் கட்டிப் பிடித்திருப்பேன்.

கற்களை ஒவ்வொன்றாக, நல்ல முகம் வெளியே தெரியும்படி அடுக்கி மூடினேன். முடிக்க அந்தி ஆகிவிட்டது. உன் முறுக்கை நான் பிரிக்கவில்லை.