வலுசர்ப்பம் தந்த வாக்குத்தத்தம்

அத்தை, நீங்கள் இல்லாத முதல் புத்தாண்டு ஆராதனை. வாக்குத்தத்த அட்டைத் தட்டு என் பெஞ்சுக்கும் வந்தது. வரும் வருடத்துக்குக் கர்த்தர் தரும் வாக்கென்று, கண்ணை மூடி ஆளுக்கொரு வசனம் எடுக்கிற அதே தட்டு. என்னிடம் நீட்டும்போது மட்டும் பாஸ்டர் ஐயா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எல்லாம் நீங்கள் அவரிடம் போட்டுக்கொடுத்த என் பழைய குறும்பின் பலன்!

அந்தக் குறும்பு நடந்த டிசம்பரில் என் கதை நோட்டு உங்களிடம் சிக்கியது. ஒரு வலுசர்ப்பம், அதாவது சிறகு முளைத்த டிராகன், ஊரைக் காப்பாற்றுகிற கதை.

"வலுசர்ப்பம்னா சாத்தான். வேதத்துல போட்டிருக்குது. புது வருச ஆராதனை முடியட்டும், இது அடுப்புக்குப் போவுது."

"அதே வேதத்துல ஏழு கொம்பு, ஏழு கண்ணோட ஆட்டுக்குட்டியும் வருதுங்களே அத்தை? நம்ம மேச்சேரி ஆட்டுக்குக் கொம்பே இல்லீங்க."

"அது அடையாளம்டா, வாயாடி!"

"என்னோடதும் அடையாளந்தானுங்க."

நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினீர்கள். அந்தக் கடுப்பில்தான், என் வலுசர்ப்பம் பேசுகிற வரி ஒன்றை அட்டையில் அழகாக எழுதித் தட்டுக்குள் செருகினேன்: "பயப்படாதே, என் சிறகுக்குள் வா, நெருப்பு என்னைத் தாண்டித்தான் உன்னிடம் வரும்."

யாராவது எடுத்துவிட்டுத் திருதிருவென்று முழிப்பார்கள் என்று காத்திருந்தேன். எடுத்தது நீங்கள். மறுவாரம் சேலத்தில் உங்களுக்கு ஆபரேஷன். எழுந்து நின்று, உரக்க வாசித்து, அழுதீர்கள். சபை மொத்தமும் "ஆமென்!" என்றது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் உண்மையைச் சொல்லிவிட்டேன். நோட்டு எரிந்தாலும் எரியட்டும், என் பொய்யைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போகக்கூடாது. அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். நான் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"வேதத்துல கழுதையவே பேச வெச்ச கர்த்தருக்கு உன்ற பாம்பு ஒரு கஷ்டமா கண்ணு?"

பீரோவைத் திறந்து, நோட்டை எடுத்துப் பைக்குள் போட்டீர்கள். "அங்க படுத்துக் கெடக்கறப்பப் படிக்கறேன். எழுத்துப்பிழை இருந்துச்சு, தோலை உரிச்சுருவேன்."

இருந்தது, ஏராளமாக! அதற்குப் பிறகு இரண்டு வருடம், மூன்று நோட்டு. ஓரமெல்லாம் உங்கள் சிவப்பு மை. "எறக்கை நனைஞ்சா எப்படிக் காய வெக்கும்?" "இந்த ராசாவை நம்பாத." கடைசியாக எழுதியது: "உன்ற பாம்பை ஒருக்கா ஜெபம் பண்ண உடு." அதற்கப்புறம் சிவப்பு மை இல்லை.

நேற்று அதை எழுதிவிட்டேன் அத்தை! வலுசர்ப்பம் இறக்கைகளை மடக்கிக்கொண்டு மண்டியிட்டது. பெரிய பெரிய வார்த்தைகளாக எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன், ஒன்றையும் வாங்கவில்லை. நீங்கள் ஜெபிப்பது போலவே, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற குரலில் ஆரம்பித்தது:

"ஏனுங்க ஆண்டவரே, எங்கத்தை சாப்புட்டாங்களா?"