ஆப் காட்டிய நடை

வெள்ளி, பௌர்ணமிக்கு மறுநாள்.

கிரிவலம் முழுசாகச் சுற்றிவிட்டேன் என்று சொல்லி, விடிகாலையில் வந்து படுத்துவிட்டார் இவர். மகன் எங்கள் இரண்டு போனிலும் ஒரு நடை ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஒருவர் நடந்ததை மற்றவர் பார்க்கலாம். பார்த்தேன். இவர் நடந்தது வெறும் நாலாயிரம் அடி. மலையைச் சுற்ற இருபதாயிரமாவது ஆகும். போர்வையை விலக்கி உள்ளங்காலையும் பார்த்தேன். வெறுங்காலில் பதினாலு கிலோமீட்டர் நடந்த கால், கழுவினாலும் அவ்வளவு சுத்தமாகவா இருக்கும்?

ராத்திரி சாப்பிடும்போது கேட்டே விட்டேன்.

"நாலாயிரம் அடியிலயே மலையச் சுத்திட்டீங்களா? எங்க போயிருந்தீங்க?"

"போன்ல சார்ஜ் போயிடுச்சு" என்றார். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கை கழுவப் போனவர் திரும்பி நின்றார்.

"செவ்வாக்கெழம முட்டி வலிக்குதுன்னு நாள் பூரா படுத்துனு இருந்தேன்னியே. உனக்கு ஒம்பதாயிரம் காட்டுச்சு."

எங்கே போனாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். இப்போது பக்கத்தில் குறட்டை கேட்கிறது. நிஜக் குறட்டைதானா என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை எங்கே போனேன் என்பதை இந்த நோட்டிலும் எழுதப்போவதில்லை.